தோளில் நின்ற அம்பு

ஸ்பெர்முல் நாள் என்று சொன்னால் எங்கள் வயதுக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஜெர்மன்காரர் தங்களுக்கு வேண்டாத கட்டில், கதிரை, ரீவி, விளக்கு எல்லாவற்றையும் குறித்த ஒரு நாளில் வீட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். குப்பை வண்டி வருவதற்கு முன் எங்கள் அப்பாமார் போய் வேண்டியதைத் தூக்கி வருவார்கள். உங்களில் எத்தனை பேருடைய முதல் மேசை அப்படி வந்தது? நான் வீட்டுப்பாடம் எழுதிய மேசையின் இழுப்பறைக்குள் யாரோ ஒரு பெடியன் தன் பெயரைக் கத்தியால் கீறி வைத்திருந்தான். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டித்தான் நான் ஜெர்மன் வாசிக்கப் பழகினேன்.

அந்த வில்லும் அப்படித்தான் எங்களிடம் வந்தது.

நாங்கள் அப்போது டோர்ட்மண்டுக்கு வரவில்லை. தெற்கே மலைக்காட்டுக்குள் இருந்த ஒரு கிராமத்தில், மூடிப்போன பழைய விடுதி ஒன்றில் எங்களை வைத்திருந்தார்கள். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கான வீடு அது. கிராமத்தின் கடைசிக் கட்டடமும் அதுதான். அதன் பின்சுவருக்கு அப்பால் ஒரு புல்வெளி, ஒரு சிறிய ஓடை, அதற்கு அப்பால் ஊசியிலைக் காடு. மத்தியானத்திலும் அந்தக் காட்டுக்குள் வெளிச்சம் இராது. எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் நானும் கீழ்த்தளத்தில் ஒரு அறையில் இருந்தோம். வேறு நாட்டுக் குடும்பங்களும் இருந்தன. தமிழர் என்று எங்களைத் தவிர ஒருவர்தான் இருந்தார். மேல்மாடியில் தனியாக இருந்த அவரை நான் மேல்மாடி மாமா என்று கூப்பிடுவேன். வன்னிப் பக்கத்துக்காரர், தண்ணீர்ப் பம்புகள் திருத்தியவர். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

நான் சொல்ல வந்தது அங்கே நாங்கள் கழித்த முதல் மாசி, பங்குனி மாதங்களைப் பற்றி. பனி முழுதாகக் கரையவில்லை. அம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தார்.

கிழமைக்கு இரண்டு தரம் பெட்டியில் சாப்பாடு வரும். பாண், சீஸ், பன்றி இறைச்சிச் சொசேஜ், தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சி. அந்த மாட்டிறைச்சித் தகரத்தைத் திறக்கும்போது வரும் வாடைக்கு அம்மா யன்னலைத் திறந்துவிடுவார். அம்மா மாடும் பன்றியும் தொடமாட்டார். சோறும் பருப்பும் கொஞ்சம் சாப்பிடுவார், அதையும் சத்தியெடுத்துவிடுவார். டாக்டர் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தம் இல்லை, இறைச்சி சாப்பிடச் சொல் என்று என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் ஜெர்மன் தெரிந்தது எனக்கு மட்டும்தான். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் அம்மாமாரின் வயிற்றைப் பற்றியெல்லாம் முதலில் அறிந்தவர்கள் நாங்கள்தான்.

அன்று பின்னேரம் அம்மா யன்னலோரம் இருந்தார். காட்டின் ஓரத்தில் நாலைந்து மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆட்டுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, சாம்பல் நிறத்து மான்கள்.

"உன்னைச் சுமக்கேக்கை வன்னியிலை இருந்து மான் இறைச்சி வத்தல் கொண்டுவந்து தந்தவை," என்றார் அம்மா. "அதிலை ஒரு துண்டு இருந்தாப் போதும். சோறு இறங்கும்."

என்னிடம்தான் சொன்னார். ஆனால் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஊரில் அவர் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். கோழி உரிப்பதென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார், முடியும்வரை முற்றத்துக்கு வரமாட்டார். அவருக்குக் கைவந்த ஒரே விளையாட்டு பட்டம் கட்டுவது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு மானைக் கொல்ல நினைத்தார் என்பது எனக்கு இன்றும் நம்ப முடியாமல்தான் இருக்கிறது. பக்கத்து நகரத்துக் கடையில் உறைந்த மான் இறைச்சி விற்றார்கள். அது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்பெர்முல் நாளில் ஒரு வீட்டு வாசலில், சுருட்டிய கம்பளம் ஒன்றுக்குள் அந்த வில் இருந்தது. கடும் சிவப்பு நிறம், ஒருவகைக் கண்ணாடி நாரால் செய்தது. நடுவில் சுற்றியிருந்த தோல் யாரோ ஒருவருடைய கைவேர்வையில் கறுத்துப்போயிருந்தது. கூடவே பொன் நிறத்தில் மூன்று அலுமினிய அம்புகள். பச்சைப் பிளாஸ்ரிக் இறகுகள். முனைகள் கூர் இல்லாமல் உருண்டையாக இருந்தன. இலக்குப் பலகைக்கு விடுகிற அம்புகள். அப்பா அதை எனக்கென்று சொல்லித்தான் எடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விடுதியின் நிலவறையில் பழைய விளையாட்டுக்கூடம் ஒன்று இருந்தது. மரப்பந்தை உருட்டிக் கட்டைகளை விழுத்துகிற விளையாட்டு. பலகை பதித்த நீண்ட தடம், அதன் முடிவில் ஒரு குழி. ஒரேயொரு மின்குமிழ்தான் எரியும். எத்தனையோ வருடத்துப் பியர் மணம் சுவரில் ஊறியிருந்தது. நாங்கள் அங்கேதான் உடுப்புக் காயப்போடுவோம். அப்பா தடத்தின் முடிவில் வைக்கோல் அடைத்த சாக்கொன்றை நிறுத்தி வைத்து அம்பு விட்டுப் பழகினார். நாண் சுண்டும் சத்தம் அந்தக் கூடத்தில் எழும்பி எங்கள் அறைத் தரைவரைக்கும் வரும். அம்மா கேட்டால், பிள்ளையோடு விளையாடுகிறேன் என்பார். சில நாட்களில் நான் அங்கே இருந்ததில்லை.

ஒரு நாள் மேல்மாடி மாமா ஈர உடுப்போடு கீழே வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்னண்ணை, விளையாட்டுக்கோ?"

"சும்மா, தம்பி. பொழுது போகேல்லை."

மாமா தடத்தின் வழியே நடந்து போய்ச் சாக்கில் நின்ற அம்பை இரண்டு விரலால் இழுத்தார். உடனே கையோடு வந்தது.

அப்பா சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். "உதை ஒரு மானுக்கு விட்டா என்ன செய்யும்?"

மாமா திரும்பி அவரைப் பார்த்தார். "ஒண்டும் செய்யாது. தோலைக் கிழிச்சுக்கொண்டு நிக்கும். அம்பிலை பாரமில்லை. முனை மொட்டை. போகேக்கை மீன் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போகுது, அந்த ஆட்டத்திலையே பாதி விசை போயிடும். தோள் எலும்பிலை பட்டா அதிலேயே குத்திக்கொண்டு நிண்டிடும். மான் சாகாது. சாகாமல் திரியும்."

"நான் சும்மா கேட்டனான்."

"எங்கடை வயலுக்கை ஒருக்கால் வெடி பட்ட மான் ஒண்டு கிடந்தது, அண்ணை. பத்தைக்குள்ளை. கன நாள் கிடந்தது. எனக்கு அப்ப இவளின்ரை வயசு." மாமா என்னைக் காட்டினார். "அப்பிடி ஒரு எண்ணம் இருந்தா விட்டிடுங்கோ."

"எனக்கென்ன எண்ணம்," என்று அப்பா சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் அப்பா வெளியே போனார். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தபோது சப்பாத்தும் காற்சட்டையின் கீழ்ப்பாதியும் தண்ணீரில் ஊறியிருந்தன. கை கழுவினார். துடைத்துவிட்டுத் திரும்பவும் கழுவினார். சாப்பிட வரவில்லை. தலையிடி என்று அம்மாவிடம் சொன்னார். நான் பென்சில் தேடிக் கட்டிலுக்குக் கீழே குனிந்தபோது போர்வையில் சுற்றிய வில்லைக் கண்டேன். பக்கத்தில் இரண்டு அம்புகள்தான் இருந்தன.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூட பஸ் விடுதியைத் தாண்டியதும் வேகம் குறைத்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கத்து யன்னலுக்கு ஓடினார்கள். புல்வெளியில் முழங்காலளவு பனிப்புகார். அதற்குள் ஒரு மான் தனியாக நின்றது. அதன் தோளில் பொன் நிறத்தில் ஒரு கம்பு நட்டபடி நின்றது. மான் மூச்சு விடும்போதெல்லாம் அது மெல்ல ஏறி இறங்கியது. நுனியில் பச்சை இறகு. பஸ்ஸைக் கண்டால் ஓடுகிற மான் அன்று ஓடவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது.

 ஒரு பெடியன் "அம்பு" என்று ஜெர்மனில் சொன்னான். என் பக்கத்தில் எப்போதும் இருக்கிற பிள்ளை தன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய் இருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க மான் நாளுக்கு நாள் எங்கள் வீட்டுக்குக் கிட்டே வந்தது. மற்ற மான்களோடு ஓட அதனால் முடியவில்லை. முன்னங்காலை ஊன்றாமல் நொண்டியது. எங்கள் பின்சுவரோரத்தில் பனி முதலில் கரைந்து புல் தெரிந்ததால் அங்கே வந்து மேயும். மேய்ச்சல் நிலத்துக் கம்பிவேலியில் அம்பின் கம்பு தட்டுப்படும். சின்னக் கரண்டியால் கிளாஸில் தட்டுவதுபோல ஒரு சத்தம். நான் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பேன், அது கேட்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் இராது. பிறகு இன்னும் கிட்டே கேட்கும்.

அம்மா அதைக் குசினி யன்னலால் கண்டார். அரிசி கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடினார். அன்றிலிருந்து அந்த யன்னலை யாரையும் திறக்க விடவில்லை.

"வயித்துப் பிள்ளையோடை இருக்கிறன். என்ரை கண்ணிலை ஏன் இது படுகுது," என்று அப்பாவிடம் கேட்டார். "ஆர் இப்பிடிச் செய்திருப்பினம்?"

"ஆரோ பெடியள்," என்றார் அப்பா.

"பெடியளோ. மனிசர் செய்யிற வேலையோ இது."

 அம்மா அதுவரை இறங்கின கொஞ்சச் சோற்றையும் விட்டுவிட்டார்.

பிறகு பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அந்தக் காட்டில் வேட்டையாடும் உரிமை அவருக்குத்தான் இருந்தது. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, காலடியில் ஒரு நாய். எங்கள் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடுவது குற்றம் என்றார். துவக்கு வைத்திருக்கிற தானும் இந்த மாதங்களில் பெண் மானைத் தொடக்கூடாது, ஆனால் அடிபட்டதை முடிக்கலாம், முடிக்கத்தான் வேண்டும் என்றார். ஆனால் மான் நாயைக் கண்டால் நொண்டியபடியே அடர்ந்த காட்டுக்குள் போய்விடுகிறது, திரும்பி வந்தால் வீட்டுச் சுவரோரத்தில் நிற்கிறது, ஆட்கள் இருக்கிற சுவரை நோக்கி வெடி வைக்க முடியாது. யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அப்பா என் பின்னால் நின்றார். அவருடைய மூச்சு என் தலைமயிரில் பட்டுக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு, படிக்கட்டில் மாமா அப்பாவை மறித்தார். நான் உடுப்புக் கூடையோடு கீழே நின்றேன்.

"அண்ணை, வில்லைத் தாங்கோ."

"என்ன வில்?"

மாமா கையை நீட்டியபடி நின்றார். அப்பா நிலத்தைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய் போர்வையோடு கொண்டுவந்து கொடுத்தார்.  நான் ஏதோ விளையாட்டுச் சாமான் கைமாறுகிறது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் முகம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாட்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் நிலவறைக்குப் போனேன். உடுப்பு எடுக்க என்று போவேன், ஏறி வரமாட்டேன். மாமா என்னைப் போகச் சொல்லவுமில்லை, கிட்டே கூப்பிடவுமில்லை.

முதலில் அவர் சாக்கின் மேல் பழைய தோல் ஜாக்கெட் ஒன்றை இழுத்துக் கட்டி, அந்த மொட்டை அம்பை விட்டுப் பார்த்தார். அது தோலைக் குத்தி ஒரு விரலளவு போய் நின்று, தொங்கி விழுந்தது. "வில்லை மாத்தேலாது," என்று தனக்குத்தானே சொன்னார். "அம்பைத்தான் மாத்தலாம்." ஸ்பெர்முல்லில் எடுத்த சைக்கிளின் சில்லுக் கம்பிகளை வெட்டிக் கட்டாக்கி அம்பின் குழாய்க்குள் முன்பக்கமாக இறுக்கினார். பாரம் கூடிவிட்டது. விட்டபோது பாதித் தூரத்திலேயே பலகையில் மோதியது. சில கம்பிகளை எடுத்துவிட்டார். பழைய மரமறுக்கும் வாளின் அலகிலிருந்து ஒரு துண்டு வெட்டி, வேப்பிலை அகலத்துக்கு ஒரு முனை செய்தார். அது தோலில் பட்டதும் வளைந்துபோனது. அதைப் பாதியாக ஒடுக்கி, இரண்டு பக்கமும் கூராக்கி, சீமெந்துப் படியில் தண்ணீர் விட்டுத் தீட்டினார். கையில் மயிரை மழிக்கும்வரை தீட்டினார். அந்த உரசல் சத்தம் மேலே குசினிக்கும் கேட்டது என்று அம்மா பின்னாளில் பல தரம் சொன்னார்.

அப்போதும் அம்பு வாலை ஆட்டியது. மாமா கொடியில் ஒரு பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டு அதனூடாக அம்பு விட்டார். தாளில் ஓட்டைக்குப் பதிலாக நீளமாக ஒரு கிழிசல் விழுந்தது.

"ஏன் மாமா கிழிஞ்சது?"

"சரிஞ்சு போகுது. நேரே போனா ஓட்டை வட்டமா இருக்கும்."

நாணில் அம்பு பொருந்தும் இடத்தில் நூல் சுற்றினார். கொஞ்சம் மேலே, பிறகு கொஞ்சம் கீழே. ஒவ்வொரு தரமும் புதுத் தாள். கடைசியில் வட்டமாக ஒரு ஓட்டை விழுந்தது. அந்த அம்பு தோலையும் வைக்கோலையும் ஊடுருவிப் போய்ப் பின்னால் இருந்த சுவரில் காரை பெயர்த்தது. மாமா சந்தோஷப்படவில்லை. அம்பைத் துடைத்துத் திரும்பவும் படியில் தீட்டினார்.

"இனி நோகாதோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றார்.

அடுத்த நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட நான் குசினித் திரைச்சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். மாமா ஓடைப் பக்கத்துப் பத்தையோடு பத்தையாக நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, தோளில் பனி படிந்திருந்தது. மான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரை நோக்கி வந்தது. நேரே அவர் முன்னால் நின்றது. அவர் அசையவில்லை. மான் புல்லுக்குக் குனிந்தது, இரண்டடி வைத்தது, பக்கவாட்டில் திரும்பியது. அம்பு நின்ற தோள் சுவர்ப் பக்கம், நல்ல தோள் அவர் பக்கம். முன்னங்காலை அது முன்னே வைத்த பிறகுதான் அவருடைய கை நகர்ந்தது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. மான் ஒருமுறை துள்ளியது. பிறகு ஒன்றும் நடக்காததுபோலச் சில அடி நடந்து, கால்களை மடித்துப் படுத்தது. தலை கடைசியாகத்தான் சாய்ந்தது. அம்பு அதற்கு அப்பால் சுவரடி மண்ணில் நின்றது.

மாமா உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போய் முழந்தாளிட்டு, மானின் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பழைய அம்பைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பச்சைச் சட்டைக்காரரும் நாயும் வந்தார்கள். அவரும் அன்று காலை அந்த மானுக்காகத்தான் காத்திருந்தார்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். விடுதியின் வாசல் கூடத்தில் எல்லோரும் கூடினோம். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை, நான் தேவைப்பட்டேன். மேசையில் ஒரு துணியின் மேல் இரண்டு அம்புகளையும் வைத்தார் பச்சைச் சட்டைக்காரர். ஒன்று துடைத்துச் சுத்தமாக இருந்தது. மற்றதை நான் கன நேரம் பார்க்கவில்லை.

அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். "இது ஒரு பக்கத்தாலை போய் மற்றப் பக்கத்தாலை வந்திருக்காம். மான் உடனை செத்திட்டுதாம். மற்றது தோள் எலும்பிலை நிண்டு ஒரு கிழமையாச் சீழ் பிடிச்சிருக்காம். இந்த அம்பைச் செய்த ஆள் அந்த அம்பை விட்டிருக்கமாட்டாராம். அதை விட்டது ஆர் எண்டு கேக்கிறார்."

அப்பா படிக்கட்டின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா கதவடியில் கதிரையில் இருந்தார். மாமா அப்பாவைப் பார்த்தார்.  அப்பா வாய் திறக்கவில்லை.

"ரெண்டும் நான்தான் எண்டு சொல்லு, பிள்ளை," என்றார் மாமா.

நான் சொன்னேன். பச்சைச் சட்டைக்காரர் நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார்கள். மாமாவை வெளியே கூட்டிப்போக எழும்பியபோது, பச்சைச் சட்டைக்காரர் எனக்கோ மாமாவுக்கோ என்றில்லாமல் இன்னொன்று சொன்னார். மானின் வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்தனவாம்.

நான் பழக்கத்தில் அம்மாவின் பக்கம் திரும்பி வாயெடுத்தேன்.

"பிள்ளை, அதைச் சொல்லாதை," என்றார் மாமா. அவருக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"மான் செத்துப்போச்சாம்," என்றேன்.

அம்மாவுக்கு அதை நான் இன்றுவரை சொல்லவில்லை. உங்களில் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

மாமாவை அந்தக் கிழமையே வேறொரு ஊர் வீட்டுக்கு மாற்றினார்கள். ஒரு பையோடு பஸ்ஸில் ஏறினார். அப்பா பஸ் தரிப்பு வரைக்கும் போகவில்லை. குசினி யன்னலுக்குப் பின்னால் நின்றார்.

தம்பி நாள் வருமுன்னே பிறந்தான். என் முழங்கை அளவு இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைத்தான், ஆனால் நெஞ்சு பலவீனம். குளிர் தொடங்கினால் மூச்சு இழுப்பு வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் அம்மா மேல்மாடி மாமாவைத் திட்டினார். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் மிருகத்தைச் சித்திரவதை செய்தவன், படியில் கத்தி தீட்டியவன், அவன் செய்த பாவம் என் பிள்ளையின் நெஞ்சில் ஏறிவிட்டது என்பார். நாங்கள் டோர்ட்மண்டுக்கு வந்தோம், வீடு மாறினோம், தம்பி படித்து வேலைக்குப் போனான். திட்டு மட்டும் மாறவில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் அது அதிகம் வரும். அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் வளர வளர, கட்டிலுக்குக் கீழே இருந்த இரண்டு அம்புகளையும் படிக்கட்டில் பார்த்த முகத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்வார், அதைக் கேட்க எனக்கு மனமில்லை.

மூன்று வருடத்துக்கு முன், இங்கே ஒரு கலியாண மண்டபத்தில் அவரைக் கண்டோம். ஒல்லாந்தில் இருந்து மாப்பிள்ளை பகுதிக்கு வந்திருந்தார். தலை முழுதாக நரைத்துவிட்டது. இருபது வயது மதிக்கத்தக்க மகள் பக்கத்தில் நின்றாள். எங்கள் மேசையைக் கண்டதும் தானாகவே வந்தார்.

"பிள்ளை, சுகமோ?" என்று என்னைக் கேட்டார். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்தார். "அந்தப் பிள்ளை எது?"

நான் தம்பியைக் காட்டினேன். தம்பி எழும்பிக் கைகொடுத்தான். மாமா அவனுடைய கையைப் பிடித்தபடி, என்ன வேலை செய்கிறீர் என்று கேட்டார்.

அம்மா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "கையை விடு," என்று தம்பியிடம் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "உன்ரை அப்பா என்ன செய்தவர் எண்டு உனக்குத் தெரியுமோ?" என்றார். பக்கத்து மேசைகள் திரும்பின. "வயித்திலை பிள்ளையோடை நான் பாத்துக்கொண்டிருக்க, ஒரு மானை ஒரு கிழமை சாகவிடாமல் வதைச்சவர். அந்த வதைதான் என்ரை பிள்ளைக்கு..."

"பேசாதை," என்றார் அப்பா.

அப்பா அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழும்பினார். எண்பதை நெருங்குகிறவர், நேரம் எடுத்தது.

"முதல் அம்பு நான் விட்டது," என்றார். "இவர் அதை முடிச்சுவைச்சவர்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உம்மை மாட்டிவிட்டிட்டு நான் நிண்டனான். மன்னிச்சுக்கொள்ளும்."

மாமா மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பேசியபோது குரல் உயரவில்லை.

"அண்ணை, பொலிசுக்கு நான் சொன்னதைப் பற்றி ஒண்டுமில்லை. என்ரை அகதிக் கேஸ் அதுக்கு முதலே விழுந்திட்டுது. எப்பிடியும் அந்த ஊரை விட்டுப் போகத்தான் இருந்தனான். உங்களுக்குக் குடும்பம் இருந்தது." அப்பாவின் முகத்தை நேரே பார்த்தார். "ஆனா நீங்கள் அண்டைக்குப் பின்னேரமே வந்து சொல்லியிருந்தா, அடுத்த நாள் விடிய நான் அதைத் தேடிப் போயிருப்பன். ஒரு கிழமை அண்ணை. வேலியிலை தட்டித் தட்டி அது திரிஞ்ச சத்தம் உங்களுக்கும் கேட்டதுதானே. அதுக்கு என்னட்டை மன்னிப்புக் கேட்டு என்ன பிரயோசனம்?"

 மாமா அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். "வாறன், அக்கா," என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு தங்கள் மேசைக்குப் போனார். பந்தி தொடங்கிய பிறகு திரும்பிப் பார்த்தேன், இரண்டு கதிரைகளும் வெறுமையாக இருந்தன.

நாங்களும் சாப்பிடாமல்தான் வெளிக்கிட்டோம். தம்பி கார் ஓட்டினான், அப்பா முன்னால் இருந்தார், அம்மாவும் நானும் பின்னால். மழை பெய்துகொண்டிருந்தது. வீதி வெளிச்சங்கள் வந்து வந்து போயின. 

பாதி வழியில் அம்மா, முன்னால் இருந்த அப்பாவின் பிடரியைப் பார்த்துச் சொன்னார். "முப்பது வருசத்துக்கு மேலை நான் ஒரு மனிசனைத் திட்டியிருக்கிறன். நீங்கள் பக்கத்திலை இருந்து சாப்பிட்டனீங்கள்."

அப்பா திரும்பவில்லை. "உனக்காகத்தான் போனனான்," என்றார்.

"நான் கேட்டனானோ?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா உள்ளே போய்ச் சீலை மாற்றாமலே அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுக் குடுத்திட்டுப் போ. எனக்கு ஏலாது."

அதுவரை அவர் வேறு யாரையும் அப்பாவுக்குப் பரிமாற விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் எழும்பி வருவார். நான் சோற்றைச் சுடவைத்து, கறி ஊற்றி, அப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். கறியில் ஆடை படரும்வரை இருந்தார்.

அம்மா இப்போதும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறார். சமைத்து மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அப்பா குசினிக்குப் போய், தானே போட்டு, நின்றபடி சாப்பிடுகிறார்.